ஏழு சர்வீஸ், ஒரே டேட்டாபேஸ்: பிரிப்பதா, திரும்பச் சேர்ப்பதா?

கடைசி_சீட் (இழையைத் தொடங்கியவர்)

பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. பெயர் வேண்டாம். டெவலப்பர்கள் 9 பேர். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே அப்ளிகேஷனாக இருந்ததை மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன அப்ளிகேஷன்கள்) ஆக்குகிறோம் என்று 7 துண்டாக வெட்டினோம். தேடல், முன்பதிவு, கட்டணம், பணம் செலுத்துதல், ரத்து, எஸ்எம்எஸ், ரிப்போர்ட். டேட்டாபேஸை மட்டும் வெட்டவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மீட்டிங்கில் முடிவானது. அந்த அப்புறம் போன வாரம் வந்துவிட்டது.

பொங்கலுக்கு டிக்கெட் திறந்த அன்று மாலை. முன்பதிவு டேபிளில் ஒரு புதிய காலம் சேர்க்க வேண்டியிருந்தது (டேபிளில் வரும் காலம்தான், கடிகாரத்தில் ஓடுவது அல்ல). ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டினோம். டெஸ்ட் சூழலில் ஒரு நொடிகூட ஆகாத வேலை. இங்கே முடியவே இல்லை. தேடல் நின்றது, பணம் செலுத்துதல் நின்றது, எஸ்எம்எஸ்கூட நின்றது. 14 நிமிடம். கடைசியில் பார்த்தால் ரிப்போர்ட் சர்வீஸ் ஓட்டிய ஒரு நீளமான செலக்ட்தான் (தரவைப் படிக்கும் குவெரி) குறுக்கே நின்றிருக்கிறது. அதை நிறுத்தியதும் எல்லாம் ஓடத் தொடங்கின.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. இப்போது மேலிடம் ஆளுக்கொரு டேட்டாபேஸ் என்று பிரித்துவிடச் சொல்கிறது. ஆறு மாதம் ஆகும் என்று நினைக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

நள்ளிரவு_டிபிஏ

முதலில் அந்த 14 நிமிடத்தைப் பேசுவோம். டேட்டாபேஸைப் பிரிக்காமலே அதைத் தவிர்த்திருக்கலாம்.

ஆல்டர் டேபிளுக்கு அந்த டேபிள் மீது முழுப் பூட்டு தேவை. சாதாரண செலக்ட் போடுவது மிக லேசான பூட்டுதான், ஆனால் இந்த இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. அதனால் ரிப்போர்ட் முடியும்வரை ஆல்டர் வரிசையில் நிற்கும். அதோடு போகாது. ஆல்டருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு செலக்ட்டும் ஆல்டரின் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ரேஷன் கடையில் ஒருவர் கவுன்டரை மறித்து நின்றால் மண்ணெண்ணெய் வாங்க வந்தவரும் நிற்க வேண்டியதுதானே, அது மாதிரி. உங்கள் ஆல்டர் ஒரு வேலையும் செய்யவில்லை. காத்திருந்தது, அவ்வளவுதான். அது காத்திருந்ததுதான் ஊரை நிறுத்தியது.

மைக்ரேஷன் (இப்படி டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டும் செஷனில் லாக் டைம்அவுட் 2 நொடி என்று வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் தோற்று வெளியே வந்துவிடும், சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். இதை நாளைக் காலையே செய்யலாம், ஆறு மாதம் வேண்டாம்.

செமிகோலன்

டிஃபால்ட் மதிப்போடு காலம் சேர்த்தீர்களா? அப்படியென்றால் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும். அதனால்தான் தாமதம்.

நள்ளிரவு_டிபிஏ

@செமிகோலன் அது பழைய கதை. போஸ்ட்கிரெஸ் 11 வந்த 2018 முதல், மாறாத டிஃபால்ட் மதிப்பு என்றால் திரும்ப எழுதுவதில்லை. டேபிளின் வரிசைக்கு வரிசை (ரோ) மாறும் மதிப்பு என்றால் இன்றும் எழுதும். அவர் 14இல் இருக்கிறார்.

தனிக்குடித்தனம்

டிபிஏ அண்ணன் சொன்னது சரி, ஆனால் அது காய்ச்சலுக்கு மாத்திரை. கேள்வி வேறு. ரிப்போர்ட் குழு ஒரு செலக்ட் எழுதியதற்கு, டிக்கெட் விற்கும் குழு ஏன் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும்?

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகித் தனித்தனி மாடிக்குப் போய்விட்டார்கள், சமையல் மட்டும் இன்னும் ஒரே அடுப்பில். உங்கள் வீடு இப்படித்தான் இருக்கிறது. யார் எப்போது எதை ஏற்றுவது என்று தினம் சண்டை. அதைவிடக் கூட்டுக் குடும்பமாகவே இருந்திருக்கலாம்.

அமேசானில் 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ் போட்டதாகச் சொல்லப்படும் உத்தரவு நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011இல் எழுதிய பதிவு வழியாகத்தான் அது வெளியே பரவியது. அதில் ஒரு வரி இந்த இழைக்கே எழுதியது போல இருக்கும்: இன்னொரு குழுவின் தரவுக் கிடங்கை நேரடியாகப் படிக்கக் கூடாது, பின்வாசல் எதுவும் கூடாது. கவனியுங்கள், *படிக்க*க்கூட. எழுதாமல் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் ரிப்போர்ட் சர்வீஸும் படிக்கத்தான் செய்தது.

மோனோலித்_மாமா

9 பேர், 7 சர்வீஸ். சர்வீஸுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. பிரிக்கச் சொல்லும் மேலிடத்தை விடுங்கள், திரும்பச் சேருங்கள்.

செக்மென்ட் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன சர்வீஸ்களை வைத்துக்கொண்டு மாரடித்துவிட்டு, திரும்ப ஒன்றாகச் சேர்த்ததை 2018இல் அவர்களே எழுதினார்கள். 2023இல் அமேசான் பிரைம் வீடியோவே மோனோலித்துக்கு (எல்லாம் ஒரே அப்ளிகேஷன்) திரும்பி 90 சதவீதம் செலவு குறைத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தனிக்குடித்தனம்

மாமா, பிரைம் வீடியோ கதையை எல்லா இழையிலும் இப்படியே சொல்கிறீர்கள். அது பிரைம் வீடியோ முழுவதும் இல்லை. வீடியோ, ஆடியோ தரத்தைக் கண்காணிக்கும் ஒரு குழுவின் ஒரு கருவி. ஸ்டெப் ஃபங்ஷன், லாம்டா என்று அமேசான் கிளவுட் சேவைகளால் கோத்து வைத்திருந்ததை ஒரே ப்ராசஸுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கும் டேட்டாபேஸ் பகிர்வுக்கும் சம்பந்தம் இல்லை.

மோனோலித்_மாமா

சரி, அதை வாபஸ் வாங்குகிறேன். செக்மென்ட்டை வாங்கவில்லை. ஷாப்பிஃபையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய ஆன்லைன் கடைத் தளம், மையத்தில் ஒரு ரெயில்ஸ் மோனோலித்தான், உள்ளே எல்லை போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் அறை இருந்தால் போதும், ஆளுக்கொரு வீடு வேண்டாம்.

எஸ்எம்எஸ்_அனுப்பியவன்

இந்த இழையைப் பார்த்ததும் பழைய வேலை ஞாபகம் வந்தது. அதுவும் டிக்கெட் சம்பந்தப்பட்டதுதான், வேறு நிறுவனம்.

எங்களுக்குப் பூட்டுப் பிரச்சினை ஒன்றுமில்லை. சர்வர் அருமையாக ஓடியது. பிரச்சினை ஒரு எண்ணில் வந்தது. முன்பதிவு டேபிளில் ஸ்டேட்டஸ் என்று ஒரு காலம், 1 முதல் 5 வரை மதிப்புகள். 5 என்றால் ரத்து. எஸ்எம்எஸ் சர்வீஸில் நான் (ஆமாம், நானேதான்) எழுதிய நிபந்தனை: ஸ்டேட்டஸ் 4ஐ விடப் பெரியது என்றால் ரத்துச் செய்தி அனுப்பு. ஏன் சரியாக 5 என்று எழுதவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ரத்துக் குழு 6 என்று புதிய மதிப்பைக் கொண்டுவந்தது. பகுதி ரத்து. நான்கு சீட்டில் ஒன்றை மட்டும் ரத்து செய்யும் வசதி. அவர்கள் தங்கள் டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்டினார்கள், எல்லாம் பச்சை. டேபிளின் அமைப்பு மாறவில்லை, அதனால் மைக்ரேஷனும் இல்லை, யாருக்கும் அறிவிப்பும் இல்லை. அன்று இரவு, பாட்டி மட்டும் வரவில்லை என்று ஒரு சீட்டை ரத்து செய்த குடும்பத்துக்கெல்லாம் உங்கள் பயணம் ரத்து செய்யப்பட்டது என்று செய்தி போனது. பஸ் வந்து நின்றபோது சிலர் வீட்டில் இருந்தார்கள்.

எந்த அலாரமும் அடிக்கவில்லை. எரர் லாகில் ஒரு வரி கிடையாது. கஸ்டமர் கேரில் இருந்த பெண்தான் மூன்றாவது போனுக்குப் பிறகு சந்தேகப்பட்டு மாடி ஏறி வந்தார். டேபிளைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று நினைத்தோம், அந்த எண்களுக்கு அர்த்தம் என்ன என்பதை யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை.

கமிட்_கண்ணாடி

காலம் மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. மன்னிக்கவும், இந்தச் சொல்லை வைத்து யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

முதல்_வேலை

கேம்பஸில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கேள்வி சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டுக்கு மட்டும் ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல்) கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

நள்ளிரவு_டிபிஏ

சின்னக் கேள்வி இல்லை. பாதி தீரும்.

மெயின் சர்வரில் ரிப்போர்ட் பூட்டு வைக்காது, அது லாபம். ஆனால் மெயினில் நீங்கள் ஆல்டர் ஓட்டினால் அந்த முழுப் பூட்டும் வால் (WAL, மாற்றங்களைப் பதிவு செய்யும் லாக்) வழியாக ரெப்ளிகாவுக்கு வந்து சேரும். அங்கே ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால், டிஃபால்ட்டாக 30 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ரெப்ளிகா அந்தக் குவெரியைக் கொன்றுவிடும். மெயினில் வேக்யூம் பழைய வரிசைகளைத் துடைத்தாலும் இதே கதி. கொல்லாதே என்று ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் என்ற செட்டிங்கைப் போட்டால், வேக்யூம் சாவு மட்டும் நிற்கும். பதிலுக்கு ரெப்ளிகாவில் ஓடும் நீளக் குவெரிக்காக மெயினில் பழைய வரிசைகள் துடைக்கப்படாமல் டேபிள் வீங்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ரெப்ளிகா தொடாத பாதி எதுவென்றால், எஸ்எம்எஸ் நண்பர் சொன்ன கதை. ரெப்ளிகாவிலும் அதே டேபிள், அதே ஸ்டேட்டஸ், அதே 6.

முதல்_வேலை

புரிந்தது அண்ணா. நன்றி. அப்படியானால் பிரித்தபிறகு ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் படிப்பது) எப்படிப் போடுவது? முன்பதிவும் பணமும் வேறு வேறு டேட்டாபேஸில் இருந்தால்?

தனிக்குடித்தனம்

போட முடியாது. அதுதான் விலை. அதை மறைத்துவிட்டுப் பிரிக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் ஜாயின் போட்ட இடங்களை உட்கார்ந்து பார்த்தால், சில ஜாயின்கள் ஆரம்பத்திலிருந்தே தப்பு என்று தெரியும். கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைக் காட்டும்போது கட்டணம் டேபிளோடு ஜாயின் போட்டு விலையை எடுக்கிறீர்களா? பொங்கல் முடிந்து கட்டணம் குறைந்ததும் பழைய டிக்கெட்டிலும் புது விலை தெரியும். டிக்கெட் என்பது அன்று வாங்கிய விலையைச் சுமக்க வேண்டிய பொருள். நடத்துநர் கிழித்துக் கொடுத்த சீட்டில் அன்றைய கட்டணம்தானே அச்சாகியிருக்கும், நாளைக்குக் கட்டணம் ஏறினால் சட்டைப்பையில் இருக்கும் சீட்டு மாறுவதில்லை. அந்த மதிப்பை முன்பதிவு வரிசையிலேயே எழுதி வையுங்கள். கல்லூரியில் நார்மலைசேஷன் (ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்பது) சொல்லிக்கொடுத்த ஆசிரியர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இது நகல் இல்லை. அன்று நடந்த உண்மை.

கஷ்டமான இடம் டிரான்சாக்‌ஷன். சீட்டும் பணமும் ஒரே கமிட்டில், நடந்தால் இரண்டும் இல்லாவிட்டால் எதுவுமில்லை என்று, போய்க்கொண்டிருந்தது, இனி போகாது. அதற்குப் பதிலாகச் செய்வதன் பெயர் சாகா. ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே எழுதிய கட்டுரை, மைக்ரோசர்வீஸ் என்ற சொல்லுக்கு வெகுகாலம் முந்தியது. நீளமான வேலையைச் சின்னச் சின்ன டிரான்சாக்‌ஷனாக வெட்டு, நடுவில் தோற்றால் முன்னால் செய்ததை ஈடுகட்டும் வேலையை ஓட்டு.

டிக்கெட் தொழிலில் இது ஏற்கெனவே இருக்கிறது, கடைசி_சீட் கவனித்தாரா தெரியவில்லை. சீட்டைத் தேர்ந்தெடுத்ததும் சில நிமிடம் பிடித்து வைக்கிறீர்கள். பணம் வந்தால் உறுதி, வராவிட்டால் விடுவிப்பு. விடுவித்தபிறகு பணம் வந்தால் ரீஃபண்ட். இதுதான் சாகா. பேமென்ட் கேட்வே ஒரே தகவலை இரண்டு தடவை அனுப்பும், அதை மட்டும் தாங்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

கடைசி_சீட்

இரண்டு தடவை வருவதைத் தாங்குகிறோம். அதற்கு ஒரு தீபாவளியைக் கொடுத்தோம், அது வேறு கதை.

இன்னொன்று: ஒரு சர்வீஸ் மற்றொன்றுக்குத் தகவல் சொல்ல காஃப்கா (தகவல்களை வரிசையாகக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) போடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் காஃப்காவுக்கு அனுப்பினால் போதும் என்கிறார்.

நள்ளிரவு_டிபிஏ

அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால்? டிக்கெட் இருக்கும், தகவல் போயிருக்காது. வரிசையை மாற்றிப் போட்டால் தகவல் போயிருக்கும், டிக்கெட் இருக்காது. அதனால் அவுட்பாக்ஸ் என்று ஒரு டேபிள் வைத்து, டிக்கெட்டையும் அனுப்ப வேண்டிய தகவலையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். இன்னொரு ப்ராசஸ் அதைப் படித்து அனுப்பட்டும். இரண்டு தடவை போகலாம், போகாமல் இருக்காது.

டெபீசியம் (டேட்டாபேஸ் மாற்றங்களைப் படித்து அனுப்பும் கருவி) வைத்து வாலிலிருந்து நேரடியாகப் படிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. படிப்பவர் நின்றுவிட்டால் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (படிப்பவர் எதுவரை படித்தார் என்று டேட்டாபேஸ் வைக்கும் குறி) வால் கோப்புகளை விடாமல் பிடித்து வைக்கும். வெள்ளிக்கிழமை மாலை காஃப்கா பக்கம் ஏதோ நின்று, ஞாயிறு அதிகாலை டேட்டாபேஸ் டிஸ்க் நிறைந்ததைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு உச்சவரம்பு வைக்கும் செட்டிங் உண்டு, ஆனால் டிஃபால்ட் வரம்பில்லாததுதான். வைத்தால் ஸ்லாட் போய்விடும், வைக்காவிட்டால் டிஸ்க் போய்விடும். எது போகலாம் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

9 பேருக்கு இது தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அவுட்பாக்ஸ் டேபிளை 2 நொடிக்கு ஒருமுறை படிக்கும் ஒரு லூப் உங்கள் அளவுக்குப் போதும்.

மோனோலித்_மாமா

பார்த்தீர்களா, டிபிஏவும் என் பக்கம் வருகிறார். சேருங்கள் என்றால் நாலு வரி. பிரியுங்கள் என்றால் சாகா, அவுட்பாக்ஸ், ஸ்லாட், டிஸ்க்.

நள்ளிரவு_டிபிஏ

யார் பக்கமும் இல்லை. நெட்ஃபிளிக்ஸில் 2008 ஆகஸ்ட்டில் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதிலிருந்து கிளவுடுக்கு முழுதாக மாறி முடிக்க 2016 ஜனவரி ஆனது. ஏழு வருடம். அவர்களுக்கு அது தேவைப்பட்டது, ஆளும் பணமும் இருந்தது. கடைசி_சீட்டுக்கு ஆறு மாதம்கூட மேலிடம் கொடுக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்யச் சொல்வது இதுதான். சர்வர் ஒன்றாகவே இருக்கட்டும். உள்ளே சர்வீஸுக்கு ஒரு ஸ்கீமா (டேபிள்களுக்கான தனி அறை), ஒரு யூசர். ஏழு சர்வீஸும் இப்போது ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டில்தானே உள்ளே வருகின்றன? ஒவ்வொரு டேபிளுக்கும் சொந்தக்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எழுதும் உரிமையைப் பிடுங்குங்கள். படிக்க வேண்டும் என்றால் டேபிளைக் கொடுக்காமல் ஒரு வியூ (டேபிள் போலக் காட்டும் சேமித்த குவெரி) செய்து கொடுங்கள்.

வியூவில் ஒரு வசதி உண்டு. உள்ளே இருக்கும் டேபிளில் காலத்தின் பெயரை மாற்றினாலும் வியூ பழைய பெயரையே காட்டும். வியூ பயன்படுத்தும் ஒன்றை அழிக்கப் போனால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். கேஸ்கேட் என்று எழுதி மீறலாம்தான், ஆனால் அதை எழுதும்போதாவது கை ஒரு நொடி நிற்கும். ஸ்டேட்டஸ் எண்ணுக்குப் பதிலாக வியூவிலேயே ‘ரத்து’, ‘பகுதி ரத்து’ என்று சொல்லாகக் கொடுத்தால் எஸ்எம்எஸ் நண்பரின் பாட்டி கதையும் நடக்காது.

கனெக்‌ஷன் கணக்கையும் போடுங்கள். ஹிகாரி (சர்வீஸ் பக்கம் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்திருக்கும் லைப்ரரி) டிஃபால்ட் 10. 7 சர்வீஸ், ஒவ்வொன்றும் 4 பாட் (ஓடும் நகல்) என்றால் 280. போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட் 100. நீங்கள் அதை ஏற்றித்தான் வைத்திருப்பீர்கள். தேடல் சர்வீஸை மட்டும் பண்டிகைக்கு 12 பாட் ஆக்கினால் 80 கூடும், அடிவாங்குவது பணம் செலுத்துதல். யூசர் தனித்தனியானால் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பும் வைக்கலாம். பிஜிபவுன்சர் (கனெக்‌ஷன்களைப் பகிர்ந்துகொடுக்கும் கருவி) நடுவில் வைப்பதும் நல்லது.

தனிக்குடித்தனம்

இதை ஒத்துக்கொள்கிறேன். சர்வர் தனியா என்பதைவிடச் சொந்தக்காரர் தனியா என்பதுதான் கேள்வி. ஆனால் பத்திரத்தில் பெயர் எழுதினால் போதாது, பூட்டும் மாற்ற வேண்டும். விக்கியில் ‘இந்த டேபிள் முன்பதிவுக் குழுவுடையது’ என்று எழுதிவைத்த நிறுவனத்தில் நான் இருந்திருக்கிறேன். யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

கமிட்_கண்ணாடி

உரிமையைப் பிடுங்கும் முன் யார் யார் தொடுகிறார்கள் என்று இரண்டு வாரம் கவனியுங்கள். போஸ்ட்கிரெஸின் ஆக்டிவிட்டி வியூவில் (இப்போது யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டுவது) ஐபியும் அப்ளிகேஷன் பெயரும் வரும். நீங்கள் எதிர்பார்க்காத ஒருவர் கட்டாயம் இருப்பார்.

கடைசி_சீட் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லாக் டைம்அவுட் மறுநாளே போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மைக்ரேஷன். ஒன்று நான்கு தடவை தோற்று ஐந்தாவதில் போனது, வெளியே யாருக்கும் தெரியவில்லை.

மாமா சொன்னதில் பாதி செய்தோம். முன்பதிவு, கட்டணம், ரத்து மூன்றையும் திரும்ப ஒரே சர்வீஸாக்குகிறோம். அவை மூன்றும் எப்போதும் ஒரே வாரத்தில், ஒரே இருவரால்தான் மாற்றப்பட்டிருக்கின்றன என்று கிட்டில் இருக்கும் கோட் வரலாற்றில் தெரிந்தது. ரிப்போர்ட்டுக்கு ரெப்ளிகாவும் வியூவும். மேலிடத்திடம் ‘இது முதல் கட்டம்’ என்று சொல்லியிருக்கிறேன். எஸ்எம்எஸ் சர்வீஸ் இன்னும் டேபிளைத்தான் நேரடியாகப் படிக்கிறது. அதில் நிபந்தனை எப்படி எழுதியிருக்கிறது என்று பதிவைப் படித்த அன்றே ஓடிப்போய்ப் பார்த்தேன். சமக்குறிதான். மூச்சு வந்தது.

கமிட்_கண்ணாடி சொன்னபடி கவனித்தோம். ஏழு சர்வீஸின் ஐபியும் தெரியும், எட்டாவதாக ஒன்று இருந்தது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை முன்பதிவு டேபிள் முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. தேடிப் போனால் கீழ்த்தளம், கணக்குப் பிரிவு, ஜன்னலோரக் கணினி. ரீஃபண்ட் கணக்குப் பார்க்க ஒரு எக்செல் கோப்பு. மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவர் அதற்குள் டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் பாஸ்வேர்டும் வைத்துக் கொடுத்திருக்கிறார், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி.

மோனோலித்_மாமா

அது படிக்க மட்டும் செய்ததா, எழுதவும் செய்ததா?

கடைசி_சீட்

படிக்க மட்டும். ஆனால் அதே யூசர் என்பதால் எழுதவும் முடிந்திருக்கும். அதை நினைத்து அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அந்தக் கணக்குப் பிரிவு அக்காவுக்குத் தினம் காலை 9 மணிக்கு ரீஃபண்ட் பட்டியல் மெயிலில் போகிறது. போன செவ்வாய் ஜாப் தோற்றுவிட்டது. எங்கள் அலாரம் 9.20க்கு அடித்தது. அக்காவின் போன் 9.04க்கே வந்துவிட்டது.